இ-சைக்கிள் பேட்டரி மக்கர் பண்ணுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அறிகுறியப் பாருங்க

எலக்ட்ரிக் சைக்கிள் வச்சிருக்கவங்க என்கிட்ட கேக்குற மொத கேள்வியே "அண்ணா, வெயிட் கம்மியா, வெடிக்காத மாதிரி நல்ல பேட்டரி எது"ங்கிறதுதான். நான் பதிலுக்குக் கேக்குறது, இப்ப இருக்குற பேட்டரி என்ன பண்ணுது, எப்ப பண்ணுது, வெயில்லயா மழையிலயா, ஏத்தத்துலயா சமதளத்துலயா. இத சரியா சொல்லிட்டா பாதிப் பேருக்கு புது பேட்டரியே வேண்டாம்னு தெரிஞ்சிடும், மீதிப் பேருக்கு எது வாங்கணும்னு அதுலயே பதில் வந்துடும். பத்தாயிரம் பதினஞ்சாயிரம்னு செலவு பண்ற விஷயம், அதவிட முக்கியம் வீட்டுக்குள்ள வச்சு சார்ஜ் போடுற பொருள், அதனால அவசரப்படாம ஒவ்வொண்ணா பாப்போம்.

இங்க நான் சொல்றது எல்லாமே 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்துக்கு நடுவுலயே இருக்குற மோட்டார்), 36 வோல்ட் பேட்டரி உள்ள சைக்கிளுக்கு. நம்ம ஊர்ல ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்னு விக்கிற சைக்கிள் எல்லாம் 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்கணும்னு விதி, அதனால பெரும்பாலும் இந்த செட்டப்தான் இருக்கும்.

கையில ஒரு மல்டிமீட்டர் வேணும். சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதாரணமா கிடைக்கிற டிஜிட்டல் மீட்டரே போதும், டிசி 200 வோல்ட்ல வச்சுக்கோங்க. சாதாரணமா வர்ற என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் வகை) 36 வோல்ட் பேக்குன்னா உள்ள பத்து செல் குரூப் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் ஃபுல் ஆனா 4.2 வோல்ட், அதனால மொத்தம் 42. சும்மா வச்சிருக்கும்போது 37 கிட்ட இருந்தா பாதி சார்ஜ், 33க்கு வந்துட்டா கிட்டத்தட்ட காலி, 30க்கு கீழ போகவே கூடாது. இந்த நாலு நம்பர ஞாபகம் வச்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி. எல்எஃப்பின்னு பின்னாடி வர்ற வகைக்கு மட்டும் நம்பர் வேற. மீட்டர் முள்ளு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பட்டுடாம பாத்துக்கோங்க, 36 வோல்ட் ஷாக் அடிக்காதுன்னு அலட்சியமா இருந்தா ஷார்ட் ஆகி முள்ளே உருகிடும்.

சார்ஜர் மாட்டின உடனே பச்சை லைட், சார்ஜ் ஏற மாட்டேங்குது

மொதல்ல சார்ஜர தனியா பாருங்க. பேட்டரில மாட்டாம கரண்ட்ல மட்டும் சொருகி, அவுட்புட் பின்ல மீட்டர் வச்சா 42 வோல்ட் ஒட்டி காட்டணும். ஒண்ணுமே காட்டலன்னா இல்ல 30, 35ன்னு காட்டுச்சுன்னா சார்ஜர்தான் போச்சு, ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிஞ்சிடும் வேலை. சார்ஜர் சரியா இருக்குன்னா அடுத்து பேட்டரியோட சார்ஜிங் ஓட்டைய ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க, நடு பின் வளைஞ்சிருக்கும் இல்ல பச்சையா களிம்பு ஏறியிருக்கும், மழைக்காலத்துல மூடி ரப்பர் பிஞ்சு போன சைக்கிள்ல இது ரொம்ப சகஜம்.

அதுவும் சரின்னா பேட்டரியோட வெளிய போற டெர்மினல்ல மீட்டர் வைங்க. 42 கிட்ட காட்டுச்சுன்னா ஏற்கனவே ஃபுல்லா இருக்கு, பிரச்சனை வேற எங்கயோ. சுத்தமா பூஜ்யம் இல்ல அஞ்சாறு வோல்ட்னு காட்டுச்சுன்னா உள்ள இருக்குற பிஎம்எஸ் கதவ மூடிடுச்சுன்னு அர்த்தம். பிஎம்எஸ்ங்கிறது பேக்குக்குள்ள இருக்குற காவல் போர்டு, ஒவ்வொரு குரூப்போட வோல்டேஜையும் பாத்துக்கிட்டே இருக்கும், ஒண்ணு ரொம்ப மேல போனாலும் ரொம்ப கீழ போனாலும் கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தாலும் லைன கட் பண்ணிடும். அது கட் பண்ணியிருக்குன்னா ஒரு காரணத்தோடதான் பண்ணியிருக்கும், அதனால யூட்யூப்ல பாத்துட்டு பிஎம்எஸ்ஸ பைபாஸ் பண்ணி நேரா செல்லுக்கு சார்ஜ் குடுக்குற வேலைய தயவு செஞ்சு பண்ணாதீங்க. கடைக்கே போய் குடுத்தாலும், "பைபாஸ் பண்ணிட்டேன் சார், இப்ப ஓடுது"ன்னு ஒரு மெக்கானிக் சொன்னா அந்த பேக்க திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

த்ராட்டில் முறுக்கினா, இல்ல ஏத்தத்துல ஏறினா பட்டுன்னு ஆஃப் ஆகுது, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வருது

இதுதான் அதிகமா வர்ற கம்ப்ளைன்ட், இதுலதான் ஜனங்க அதிகமா தப்பா பேட்டரி வாங்குறதும். நடக்குறது என்னன்னா, சமதளத்துல மோட்டார் ஆறு ஏழு ஆம்பியர் இழுக்கும், ஃப்ளைஓவர் ஏறும்போது கண்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போற கரண்ட கட்டுப்படுத்துற பெட்டி, அனுமதிக்கிற அளவு, பல சைக்கிள்ல 15 ஆம்பியர், முழுசா இழுக்கும். அந்த நேரத்துல பேட்டரி வோல்டேஜ் கீழ இறங்கும். நல்ல பேக்குன்னா ஒண்ணு ரெண்டு வோல்ட் இறங்கிட்டு சமாளிச்சிடும், செல்லு பழசாயிருந்தா இல்ல மொதல்லயே சின்ன பேக்கா இருந்தா நாலஞ்சு வோல்ட் இறங்கி, கண்ட்ரோலர் "பேட்டரி காலி"ன்னு நெனச்சு நிறுத்திடும். லோடு போனதும் வோல்டேஜ் தானா ஏறிடும், அதனாலதான் கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடுது.

செக் பண்றது சுலபம். ஃபுல் சார்ஜ் போட்ட உடனேயும் ஏத்தத்துல கட் ஆகுதா, இல்ல பாதிக்கு கீழ வந்ததுக்கு அப்புறம்தான் ஆகுதா? பாதிக்கு கீழதான்னா பேக் மொத்தமா வயசாகிட்டு வருது, இன்னும் கொஞ்ச நாள் பெடல் போட்டு மோட்டாருக்கு உதவி பண்ணி ஓட்டலாம். ஃபுல்லா இருக்கும்போதே கட் ஆகுதுன்னா ஒரு குரூப் மட்டும் படுத்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

அது எப்படி இருக்கும்னு ஒரு கணக்கு பாருங்க. பத்து குரூப்ல ஒம்போது குரூப் 3.5 வோல்ட்ல நல்லா இருக்கு, ஒண்ணு மட்டும் லோடுல 2.7க்கு விழுந்துடுச்சு. மொத்தம் 34.2 வோல்ட், டிஸ்ப்ளேல இன்னும் சார்ஜ் கட்டை தெரியும், ஆனா பிஎம்எஸ் அந்த ஒத்த குரூப்ப பாத்துட்டு லைன கட் பண்ணிடும். வெளிய இருந்து பாத்தா "சார்ஜ் இருக்கு ஆனா ஓடல". கடைக்காரர் பேக்க திறந்து ஒவ்வொரு குரூப்ல இருந்தும் பிஎம்எஸ்ஸுக்குப் போற பேலன்ஸ் வயர் இருக்குற வெள்ளை கனெக்டர்ல ஒவ்வொரு பின்னா மீட்டர் வச்சுப் பாப்பார், 3.98, 3.97, 3.98, 3.98ன்னு வந்துக்கிட்டே இருக்கும், ஏழாவது பின்ல 3.41ன்னு வந்து நிக்கும். அந்த இடத்த பாத்தா சில நேரம் நிக்கல் பட்டைல வெல்டிங் விட்டுப் போயிருக்கும், சில நேரம் ஒரு செல்லோட பாசிட்டிவ் முனைல வெள்ளையா உப்பு மாதிரி பூத்திருக்கும், அது செல்லு கசிஞ்ச தடம். வெல்டிங் விட்டுப்போனது ரிப்பேர் ஆகும். கசிஞ்சது ஆகாது. பழைய பேக்ல ஒரு குரூப்ப மட்டும் புது செல் போட்டு மாத்துறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, புதுசும் பழசும் ஒரே அளவு தேயாது, கொஞ்ச மாசத்துல வேற ஒரு குரூப் விழுந்து திரும்ப அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க.

இந்தத் திறந்து பாக்குற வேலைய பழக்கமில்லாம வீட்ல பண்ண வேண்டாம். நிக்கல் பட்டை எல்லாம் திறந்து கிடக்கும், ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு நழுவி குறுக்க விழுந்தா போதும், வெல்டிங் வச்ச மாதிரி தீப்பொறி பறக்கும், அங்க கரண்ட நிறுத்துறதுக்கு சுவிட்ச்சே கிடையாது.

ஸ்பீட் ப்ரேக்கர்ல ஏறினா, பள்ளத்துல இறங்கினா மட்டும் கட் ஆகுது

இது பேட்டரி இல்ல, பேட்டரி உக்கார்ற தொட்டி. ஃப்ரேம்ல மாட்டி சாவி போட்டு பூட்டுற டைப் பேட்டரிக்கு அடில ரெண்டு பித்தளை தகடு இருக்கும், அது தொட்டில இருக்குற கவ்வில போய் உக்காரும். ஆட்டத்துல கவ்வி விரிஞ்சு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சின்னதா ஸ்பார்க் அடிச்சு அடிச்சு தகட்டுல கருப்பா குழி விழுந்துடும், சுத்தி இருக்குற ப்ளாஸ்டிக் பழுப்பா மாறி லேசா இளகியிருக்கும். பேட்டரிய கழட்டி தலைகீழா புடிச்சு வெளிச்சத்துல பாத்தாலே தெரியும். லேசான கருப்புன்னா ரொம்ப பொடி உப்புத்தாள்ல தேச்சு, கவ்விய மெதுவா இறுக்கிடலாம், சாவிய எடுத்துட்டு பேட்டரிய வெளிய வச்சுட்டு பண்ணுங்க. ப்ளாஸ்டிக் இளகியிருந்தா தொட்டிய மாத்திடுங்க, அந்த இடம் சூடாகிட்டே இருக்கும்.

முன்ன மாதிரி தூரம் போக மாட்டேங்குது

பேட்டரிய திட்டுறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பாருங்க. நெஜமாவே. சைட் வால்ல எவ்வளவு பிஎஸ்ஐன்னு அச்சடிச்சிருக்கும், அதுல பாதி காத்தோட ஓட்டிட்டு பேட்டரி போச்சுன்னு வர்றவங்க நெறைய. அடுத்து சக்கரத்த தூக்கி சுத்தி விடுங்க, டிஸ்க் ப்ரேக் பேடு உரசி சர் சர்னு சத்தம் வந்தா அதுவே தின்னுக்கிட்டு இருக்கு. பின்னாடி கேரியர்ல புதுசா ஸ்கூல் போற பையன உக்கார வச்சீங்களா, ரூட் மாறிடுச்சா, பெடல் போடுறத விட்டுட்டு முழுசா த்ராட்டில்லயே ஓட்டுறீங்களா, இதெல்லாம் யோசிங்க.

ஒரு தோராயக் கணக்கு சொல்றேன். நீங்களும் பெடல் போட்டா கிலோமீட்டருக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வாட் ஹவர் ஆகும், த்ராட்டில் மட்டும்னா பதினஞ்சு, அதுக்கும் மேல. வோல்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினா வாட் ஹவர், 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர்னா 360. அப்ப பெடலோட 30ல இருந்து 45 கிலோமீட்டர் வரணும், த்ராட்டில்ல 22, 24. இந்தக் கணக்குக்கு பக்கத்துல வந்துச்சுன்னா பேட்டரி நல்லாத்தான் இருக்கு, விக்கும்போது டப்பால போட்ட தூரம்தான் தப்பு. இதுல பாதிதான் வருதுன்னா பேட்டரி தேஞ்சிடுச்சு. சாதாரண என்எம்சி வகை லித்தியம் செல் ஐநூறுல இருந்து ஆயிரம் சார்ஜ் வரைக்கும் ஓரளவு தாங்கும், அதுக்கு அப்புறம் எண்பது சதவீதத்துக்கு கீழ வர்றது இயல்பு.

அதுக்கு நடுவுல ஒரு விஷயம். நெறைய பேர் சார்ஜர் பச்சை ஆன உடனே புடுங்கிடுறாங்க, இல்ல எப்பவும் பாதிலயே எடுத்துடுறாங்க. பல பிஎம்எஸ் கடைசி கொஞ்சம் ஏறும்போது மட்டும்தான் குரூப் எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வரும், அதுவும் ரொம்ப மெதுவா. மாசத்துக்கு ஒரு தடவ நீங்க கூட இருக்கும்போது ஃபுல் ஆக்கி, பச்சை வந்ததுக்கு அப்புறமும் ஒரு ரெண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க, லேசா மட்டம் மாறின பேக்கா இருந்தா தூரம் கொஞ்சம் திரும்ப வரும். மத்த நாள்ல எண்பது தொண்ணூறு சதவீதத்துல எடுத்துக்கிட்டா செல்லுக்கு நல்லது.

மூணு கட்டை காட்டிக்கிட்டே இருந்து திடீர்னு செத்துடுது

எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியா இருந்தா இது நோயே இல்ல, அதோட குணம். அந்த செல்லு கிட்டத்தட்ட காலி ஆகுற வரைக்கும் 3.2 வோல்ட் பக்கத்துலயே நின்னுட்டு கடைசில விழும், வோல்டேஜ பாத்து கட்டை போடுற டிஸ்ப்ளேவுக்கு அது புரியாது. கிலோமீட்டர பாத்து ஓட்டிக்க வேண்டியதுதான். என்எம்சி பேக்குல இப்படி ஆச்சுன்னா மேல சொன்ன படுத்த குரூப் கதை.

சூடாகுது, வாசனை வருது, உப்பியிருக்கு

இங்க ட்ரபுள்ஷூட்டிங் கிடையாது. நிறுத்துங்க.

கை வச்சா வெதுவெதுப்பா இருக்குறது சகஜம், கை வைக்க முடியாத சூடு சகஜம் இல்ல. பேக் கேஸ் உப்பி ஃப்ரேம்ல இருந்து கழட்ட முடியாம சிக்குறது, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பும் காரமுமா ஒரு வாசனை, உள்ள இருந்து உஸ்ஸுன்னு சத்தம், கீழ விழுந்து கேஸ் விரிசல் விட்டது, மழை வெள்ளத்துல முழுகினது, இதுல எதுவா இருந்தாலும் சார்ஜ்ல போடாதீங்க, "கடைசியா ஒரு தடவ போட்டுப் பாப்போம்"ங்கிறது கூட வேண்டாம். தூக்குற நிலைமைல இருந்தா வெளிய, எரியிற பொருள் எதுவும் இல்லாத சிமெண்ட் தரையில, சுவர விட்டுத் தள்ளி வைங்க. புகை வர ஆரம்பிச்சிடுச்சுன்னா அத தூக்கவே போகாதீங்க, வீட்ல இருக்குறவங்கள எழுப்பி வெளிய கூட்டிட்டு வந்து கதவ சாத்திட்டு 101க்கு போன் பண்ணுங்க. அந்தப் புகைல ஹைட்ரஜன் ஃப்ளூரைடு மாதிரி நச்சு வாயு இருக்கும், நெருப்பு கிட்ட வர்றதுக்கு முன்னாடியே புகை ஆள சாய்ச்சிடும். 2022 மார்ச்ல வேலூர்ல வீட்ல சார்ஜ்ல போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ராத்திரில தீப்பிடிச்சு ஒரு அப்பாவும் அவரோட சின்ன மகளும் இறந்தாங்க, மூச்சுத் திணறித்தான். நியூயார்க் நகரத்துல 2023ல மட்டும் இந்த மாதிரி லித்தியம் பேட்டரி தீயில 18 பேர் செத்தாங்க, அதே வருஷம் செப்டம்பர்லதான் அந்த ஊர்ல பாதுகாப்பு சான்று இல்லாத இ-பைக் பேட்டரி விக்கவே கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்துச்சு.

அதனால சார்ஜ் போடுற இடம் பேட்டரி பிராண்ட விட முக்கியம்னு நான் நெனைக்கிறேன். வாசக்கதவுக்கு பக்கத்துல, மாடிப்படி அடில வேண்டாம், எரிஞ்சா நீங்க வெளிய போற வழியே அதுதான். கட்டிலுக்கு அடில, துணி பக்கத்துல, மெத்தை மேல வேண்டவே வேண்டாம். தூங்கும்போது சார்ஜ் வேண்டாம், 2 ஆம்பியர் சார்ஜர்ல 10 ஆம்பியர் ஹவர் பேக் அஞ்சாறு மணி நேரத்துல ஏறிடும், சாயங்காலம் வந்து போட்டா தூங்குறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா வந்த உடனே போடாதீங்க. மே மாச வெயில்ல ஓட்டிட்டு வந்தா, அதவிட வெயில்ல நிறுத்தி வச்சிருந்தா கருப்பு கேஸ் உள்ள நல்லா சூடேறியிருக்கும், லித்தியம் செல்ல 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாது, அரை மணி ஒரு மணி நேரம் நிழல்ல ஆற விட்டுட்டு போடுங்க.

பல மாசம் ஓட்டாம வச்சிருந்து எடுத்தா உயிரே இல்ல

மொத்த வோல்டேஜ் 28, 29ன்னு இருந்தா நல்ல கடைல குடுத்தா மெதுவா கொஞ்சம் கரண்ட் குடுத்து எழுப்பிப் பாப்பாங்க, அது பரவால்ல. 20க்கு கீழ போயிருந்தா, அதாவது செல்லுக்கு ரெண்டு வோல்ட்டுக்கு கீழ, விட்டுடுங்க. அவ்வளவு கீழ போன செல்லுக்குள்ள இருக்குற தாமிரத் தகடு கரைய ஆரம்பிச்சிருக்கும், திரும்ப சார்ஜ் பண்ணும்போது அந்தத் தாமிரம் தப்பான இடத்துல போய் படிஞ்சு உள்ளயே ஷார்ட் ஆகலாம், ஏறின மாதிரி தெரியும், ஒரு வாரம் நல்லா ஓடும், அப்புறம் சார்ஜ்ல இருக்கும்போது அதோட வேலைய காட்டும். ஊருக்குப் போறீங்கன்னா பாதி சார்ஜ்ல, 37 வோல்ட் கிட்ட, நிழலான இடத்துல சைக்கிள்ல இருந்து கழட்டி வைங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மீட்டர் வச்சு பாக்க வீட்ல யார்கிட்டயாவது சொல்லுங்க.

சைக்கிள் ரொம்ப வெயிட், மாடிக்கு தூக்க முடியல, லேசான பேட்டரி வேணும்

இப்பதான் வாங்குற பேச்சு. வெயிட்ட குறைக்க நியாயமான வழி ரெண்டு, ஆபத்தான வழி ஒண்ணு, கடைக்காரர் "லைட் வெயிட்"னு சொல்லும்போது எந்த வழிய சொல்றார்னு கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை.

மொத வழி, பேட்டரி வகைய மாத்துறது. பழைய சைக்கிள்ல மூணு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வரிசையா போட்டிருப்பாங்க, 12 ஆம்பியர் ஹவர்னா ஒண்ணு நாலு கிலோ, மொத்தம் பன்னெண்டு கிலோ, அதுலயும் முழுசா காலி பண்ணி ஓட்டினா சீக்கிரம் செத்துடும். அதுக்குப் பதில் 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர் லித்தியம் போட்டா என்எம்சில ரெண்டு ரெண்டரை கிலோ, எல்எஃப்பில நாலு கிலோ ஒட்டி வரும். தூக்கும்போதே வித்தியாசம் தெரிஞ்சிடும். எல்எஃப்பி கொஞ்சம் வெயிட்டுதான், பெருசாவும் இருக்கும், ஆனா அது தீப்பிடிக்கிற நிலைக்குப் போக அதிக சூடு வேணும், அப்படிப் போனாலும் என்எம்சி அளவுக்கு வெப்பத்த கக்காது, சார்ஜ் எண்ணிக்கையும் ரெண்டாயிரம் தாண்டி வரும். சின்ன வீட்டுக்குள்ளயேதான் சார்ஜ் போட்டாகணும்னா, சைக்கிள மாடி ஏத்தத் தேவையில்லன்னா, அந்த ஒன்றரை கிலோவ சுமந்துட்டு எல்எஃப்பியே வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன். கையில கழட்டி மூணு மாடி ஏறணும்னா நல்ல செல் போட்ட என்எம்சி.

ரெண்டாவது வழி, தேவைக்கு மேல வாங்காம இருக்குறது. ஆபீஸ் போக வர 20 கிலோமீட்டர்னா கிலோமீட்டருக்கு 12 வச்சு 240 வாட் ஹவர், பேட்டரி தேயிறதுக்கும் மழை நாளுக்கும் சேத்து முப்பது சதவீதம் கூட்டினா 312, அப்ப 360 வாட் ஹவர் பேக் தாராளம். இப்படிப் போறவருக்கு 20 ஆம்பியர் ஹவர் பேக் வித்தா அவர் தெனமும் தேவையில்லாம ரெண்டு கிலோவ மிதிச்சுக்கிட்டு போறார், காசும் ரெண்டு மடங்கு. ஆபீஸ்லயும் ஒரு ப்ளக் பாயிண்ட் கிடைக்குதுன்னா இன்னும் சின்னதே போதும்.

ஆபத்தான வழி என்னன்னா செல் எண்ணிக்கைய குறைக்கிறது. பத்து குரூப்ல ஒவ்வொரு குரூப்லயும் நாலு செல் இருந்தா 15 ஆம்பியர் லோடு வரும்போது ஒரு செல்லு 3.75 ஆம்பியர் குடுத்தா போதும், நிம்மதியா இருக்கும். அதே இடத்துல ரெண்டு செல் போட்டா ஒவ்வொண்ணும் 7.5 ஆம்பியர் குடுக்கணும். பவர் பேங்க், லேப்டாப்புக்குன்னு செஞ்ச சாதாரண 18650 செல் (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம்) அதத் தாங்காது, சூடாகும், வோல்டேஜ் விழும், ஒரு வருஷத்துல முடிஞ்சிடும். அதுக்காக ரெண்டு செல் போட்ட பேக் எல்லாமே மோசம்னு இல்ல, 21700னு கொஞ்சம் பெரிய செல் இருக்கு, 21 மில்லிமீட்டர் குறுக்களவு, 70 மில்லிமீட்டர் உயரம், நல்ல கம்பெனி செல்லுன்னா ஒண்ணே 5 ஆம்பியர் ஹவர், பத்து ஆம்பியருக்கு மேல குடுக்கிற மாடலும் உண்டு. இருபது செல்லுல 360 வாட் ஹவர், செல்லு வெயிட் மட்டும் 1.4 கிலோ. பாதுகாப்பும் லேசும் ஒண்ணா வேணும்னா இப்போதைக்கு நான் கை காட்டுறது இதத்தான். எப்படி இருந்தாலும் கடைல கேளுங்க, என்ன செல், குரூப்புக்கு எத்தன செல், பிஎம்எஸ் எத்தன ஆம்பியர், சூடு பாக்குற சென்சார் உள்ள இருக்கா. பதில் சொல்ல முடியாதவர் கிட்ட வாங்காதீங்க.

ஏமாத்துறத கண்டுபிடிக்க தராசு போதும். வாட் ஹவர எடுத்து பேக்கோட கிலோவால வகுங்க. நல்ல என்எம்சி பேக், கேஸோட சேத்து, கிலோவுக்கு 140ல இருந்து 190 வாட் ஹவர் வரும். ஒருத்தர் 36 வோல்ட் 20 ஆம்பியர் ஹவர்னு சொல்றார், தூக்கிப் பாத்தா ரெண்டு கிலோ, அப்ப கிலோவுக்கு 360, அப்படி ஒரு பேக் கடைல கிடைக்க வாய்ப்பே இல்ல. உள்ள பத்து ஆம்பியர் ஹவர் கூட இருக்குறது சந்தேகம். அதே மாதிரி 18650 செல்லு மேல 9900ன்னு அச்சடிச்சிருந்தா தொடவே தொடாதீங்க, அந்த சைஸ்ல நெஜமான செல்லு சாதாரணமா 3500, 3600 மில்லி ஆம்பியர் ஹவர தாண்டுறதில்ல, வெயிட்டும் 45 கிராம் ஒட்டி இருக்கும், 35 கிராம்னா உள்ள காலி இடம்.

கலர் கலரா ப்ளாஸ்டிக் ஷ்ரிங்க் மட்டும் சுத்தி கேஸ் இல்லாம விக்கிற பேக்க ஃப்ரேம்ல கட்டி ஓட்டாதீங்க, நம்ம ரோட்டுக் குலுக்கல்ல ஒரு ஸ்க்ரூ முனை உரசியே ஓட்டை போட்டுடும். செல்ல ஸ்பாட் வெல்டிங்ல நிக்கல் பட்டை வச்சு சேத்திருக்கணும், சால்டரிங் அயர்ன் வச்சு நேரா செல்லுலயே ஈயம் பத்த வச்சிருந்தா அந்த சூட்டுலயே செல்லு பாதி கெட்டிருக்கும். லேபிள்ல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046ங்கிற நம்பரும் இருக்கான்னு பாருங்க, ரெஜிஸ்டர் ஆகுற வண்டிக்கு ஏஐஎஸ் 156னு தனி பேட்டரி சோதனை இருக்கு, 2022 தீ விபத்துகளுக்கு அப்புறம் அத இன்னும் கடுமையாக்கினாங்க, ஆனா அது ஸ்கூட்டர் மாதிரி வண்டிங்களுக்கு. நம்ம சைக்கிள் அந்த வரிசைல வராது, அதனால நம்மதான் கேட்டு வாங்கணும்.

புது பேட்டரி போட்டாச்சு, இப்ப வேற தொல்லை

பழைய சார்ஜரையே போடுறீங்களான்னு மொதல்ல பாருங்க. பின் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் பயமே. 36 வோல்ட் என்எம்சிக்கு 42 வோல்ட் சார்ஜர், பன்னெண்டு செல் எல்எஃப்பிக்கு 43.8, லெட் ஆசிட்டுக்கு அதுவும் வேற. 43.8 சார்ஜர கொண்டு போய் என்எம்சில மாட்டினா செல்லுக்கு 4.38 வோல்ட் போகும், நடுவுல தடுக்குறது பிஎம்எஸ் ஒண்ணுதான், அது ஒரு நாள் தவறினா தடுக்க ஆளில்ல. புது பேட்டரியோட சார்ஜரையும் சேத்து வாங்கி, பழச வீட்ல இருந்தே எடுத்துடுங்க, இல்லன்னா வேற யாராவது தெரியாம சொருகிடுவாங்க.

மாட்டும்போது டப்புன்னு சின்னதா ஒரு ஸ்பார்க் வர்றது கண்ட்ரோலர் கெப்பாசிட்டர் நிறையிறதால, பயப்பட வேண்டாம், சாவிய ஆஃப் பண்ணிட்டு மாட்டினா குறையும். வேகம் கூடட்டும்னு 36 வோல்ட் கண்ட்ரோலர்ல 48 வோல்ட் பேக் போடுறது மட்டும் வேண்டாம், ஃபுல் சார்ஜ்ல அது 54.6 வோல்ட், பல கண்ட்ரோலர்ல இருக்குற கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்குத்தான் செஞ்சது. பழசையும் புதுசையும் பேரலலா சேத்து ஓட்டலாமான்னு கேப்பாங்க, ஒண்ணு 41ல இன்னொண்ணு 36ல இருக்கும்போது சேத்தா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கட்டுப்பாடே இல்லாம கரண்ட் பாயும், வேண்டாம்.

கழட்டின பழைய பேட்டரிய குப்பை வண்டில போட்டுடாதீங்க, லாரில அமுக்கும்போது செல்லு நசுங்கி தீப்பிடிக்கும், அதுல வேலை பாக்குறவங்க பக்கத்துலயே நிப்பாங்க. டெர்மினல் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி, முடிஞ்ச அளவு சார்ஜ் கம்மியா இருக்கும்போது, வாங்கின கடைலயே திருப்பிக் குடுங்க. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கிற கம்பெனிதான் பழச திரும்ப எடுத்துக்கணும், கடைக்காரர் முடியாதுன்னா அந்த விதிய சொல்லிக் கேளுங்க, அப்பவும் இல்லன்னா அரசு அனுமதி வாங்கின இ-வேஸ்ட் எடுக்குறவங்க கிட்ட குடுங்க, அதுவரைக்கும் அது வீட்டுக்கு வெளியதான் இருக்கணும்.